எழுமீனும் வடமீனும்

நம் திருமணச் சடங்குகளுள் அம்மி மிதித்து அருந்ததி காட்டுதல் என்பதும் ஒன்று. மணமகன் மணமகளை வாயிற்புறம் அழைத்து வந்து, குருக்கள் சுட்டிய திசையிலே விரலை நீட்டி, அதோ அருந்ததி என்று காட்டுவான். அவளும் கண்டேன் என்பாள். முகூர்த்தங்கள் பெரும்பாலும் முற்பகலில் அமைவதனால் இருவர் கண்ணிலும் படுவது வெயிலொளி ஒன்றே. சடங்கு பழுதின்றி நிறைவெய்தும். விண்மீன் மட்டும் காணப்படாமலே நிற்கும். இங்ஙனம் தலைமுறை பல கழிந்தமையால், அருந்ததி என்பது வானத்தில் உண்மையாகவே உள்ளதொரு மீன் என்பதும், அதனை எவரும் தம் வீட்டு முற்றத்தில் நின்று வெறுங்கண்ணாற் காணலாம் என்பதும் நம்மவருட் பலருக்குப் புதுச் செய்திகளாகிவிட்டன. வகுப்பிலே சிலப்பதிகாரத்து மங்கல வாழ்த்துப் பாடலைக் கற்பிக்கும்போது, கண்ணகிக்கு உவமையாய் வந்த அருந்ததியைக் கண்டவர் யாவர் என்று வினவினாற் கை உயர்த்துவார் அரியர். மாணாக்கர்மேற் குறை கூறுதற்கில்லை. காட்டுவாரின்றிக் காண்பது எவ்வாறு?

காட்டும் முறையையும் முன்னோரே வகுத்துச் சென்றுள்ளனர். அருந்ததி மங்கிய மீன். எடுத்த எடுப்பிற் கண்ணுக்கு அகப்படாது. ஆதலின் முதலில் அதனருகே ஒளிரும் பெரிய மீனைச் சுட்டி, இதுவே அருந்ததி என்று கூறிப் பார்வையை அங்கே நிலைபெறச் செய்வர். பின்னர், அதுவன்று, அதனை ஒட்டி நிற்கும் சிறியதே அருந்ததி என்பர். பருப்பொருளைக் காட்டி நுண்பொருளுக்கு இட்டுச் செல்லும் இம்முறை அருந்ததி நியாயம் எனப்படும். சங்கரர் தம் பிரமசூத்திர உரையில் இதனை எடுத்தாண்டுள்ளார். ஆசிரிய கலாசாலையிலே, தெரிந்ததினின்று தெரியாததற்குச் செல்க என்று எமக்குப் புகட்டப்பெற்ற விதியும் இதுவேயன்றி வேறன்று. யாமும் அந்நெறியே நின்று, பெரியதிலிருந்து தொடங்குவோம்.

வானநூலார் விண்ணை 88 உடுத்தொகுதிகளாகப் பகுத்துள்ளனர். அவற்றுட் பரப்பளவால் மூன்றாவதாக நிற்பது பெருங்கரடி. அதன் மீன்களுள் ஏழு மட்டும் ஒளி மிகுந்து, நான்கு ஒரு நாற்கரமாகவும், மூன்று அதனினின்று நீண்டு சற்றே வளைந்த காம்பாகவும் அமைந்துள்ளன. இவ்வேழையுமே சங்கச் சான்றோர் எழுமீன் என்றனர். வடநூலார் சப்தரிஷி மண்டலம் என்றனர். ஆங்கிலேயர் இவற்றைக் கலப்பை என்பர். அமெரிக்கர் அகப்பை என்பர். அரபியரோ நாற்கரத்தைப் பிணப்பாடையாகவும், காம்பின் மூன்று மீன்களையும் அப்பாடையின் பின்னே அழுது செல்லும் புதல்வியராகவும் கண்டனர். கலப்பையும் அகப்பையும் நோக்கிய அளவிலேயே புலப்படும். கரடியைக் காண்பதற்குத்தான் கற்பனை மிகுதியும் வேண்டும். அத்துணை நீண்ட வாலுடைய கரடியை எந்தக் காட்டிலும் கண்டாரில்லை.

ஏழு முனிவர் யாவர் என்பதில் நூல்கள் தம்முள் வேறுபடும். விண்மீன்களோடு பொருத்தி முறைப்படுத்தியவர் கி.பி. 6 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர். அவர் தம் பிருகத் சங்கிதையிற் கூறிய வரிசையைக் கொண்டால், காம்பின் கிழக்கு நுனியில் இருப்பவர் மரீசி, அடுத்து வசிட்டர், அவரை அடுத்து ஆங்கிரசர். காம்பும் நாற்கரமும் கூடுமிடத்தில் அத்திரி. நாற்கரத்தின் ஏனைய மூலைகளிற் புலத்தியர், புலகர், கிரது என்போர். ஒளியால் எழுவருள்ளும் குறைந்தவர் அத்திரியே. முகில் சிறிது படர்ந்தாலும் அவரே முதலில் மறைவர். புலத்தியரைப் பற்றி நுவரெலியாப் பகுதியில் வாழும் எமக்குத் தனிப்பட்ட ஓர் உரிமையும் உண்டு. இராமாயண மரபின்படி அவர் இலங்கை வேந்தன் இராவணனின் பாட்டனார். சீதா எலியவில் அம்மையைத் தொழுது மீளும் அடியார், இரவில் வடக்கே அண்ணாந்து நோக்கின், அவளைச் சிறைவைத்தவனின் முதாதையும் அங்கே முனிவர் வரிசையில் வீற்றிருத்தலைக் காணலாம்.

இனி, நம் மாணாக்கர் அடிக்கடி இடர்ப்படும் ஓரிடத்துக்கு வருவோம். எழுமீன் ஒருபோதும் மறைவதில்லை, ஆண்டு முழுவதும் இரவெல்லாம் வட வானிற் சுற்றிக்கொண்டே இருக்கும் என்று ஆங்கில நாட்டு நூல்கள் பல கூறும். அந்நூல்களை மொழிபெயர்த்தோர் அக்கூற்றையும் உடன் பெயர்த்துவிட்டனர். நூலைப் படித்த சிறுவன் கார்த்திகை மாதத்து மாலையில் வெளியே வந்து வடக்கே தேடினால், ஒரு மீனையும் காணான். நூல் கூறுவது இலண்டனில் மெய். நம் நாட்டில் மெய்யன்று. யாது காரணம்?

ஓர் ஊரின் அகலக்கோடு எத்தனை பாகையோ, வானத்தின் வடமுனை அவ்வூரில் அடிவானுக்கு மேல் அத்தனை பாகை உயர்ந்து நிற்கும். இலண்டனில் அவ்வுயரம் 51½ பாகை. எழுமீன் வடமுனையினின்று 28 முதல் 41 பாகைத் தொலைவிற் சுற்றுவன. ஆதலின் அவை எத்துணைத் தாழ்ந்தாலும் அங்கே அடிவானைத் தொடமாட்டா. பட்டிப்பொலவோ வட அகலக்கோடு 7 பாகைக்கும் சற்றுக் குறைந்த இடத்தில் உள்ளது. இலங்கையின் மிக உயர்ந்த புகையிரத நிலையம் இவ்வூரினதே. கடல்மட்டத்துக்கு மேல் 1,890 மீற்றர் அளவில் நிற்கின்றோம். ஆயினும் எத்துணை உயரத்தில் நின்றாலும் வடமுனை நமக்கு உயராது. அதனை உயர்த்துவது மலையன்று, அகலக்கோடே. ஆகவே முனையைச் சுற்றும் எழுமீனின் பாதையிற் பெரும்பகுதி நிலத்தின் கீழ் அமைகின்றது. இங்கே அவை நாள்தோறும் வடக்குக்கும் வடகிழக்குக்கும் இடையே உதித்து, ஏறத்தாழ 13½ மணி நேரம் வானில் இருந்து, வடக்குக்கும் வடமேற்குக்கும் இடையே மறைகின்றன. உச்சத்தில் நிற்கும்போதும் அடிவானினின்று 35 முதல் 48 பாகைக்கு மேல் உயர்வதில்லை. மேலும், அவ்வேளையில் அகப்பை நமக்குக் கவிழ்ந்து தோன்றும். நூலிலுள்ள படத்தைத் தலைகீழாகப் பிடித்தாலன்றி வானத்தோடு பொருந்தாது.

இவ்விழா மலரைக் கையிற் கொள்ளும் பழைய மாணவர் இன்று பல தேயங்களிற் பரந்து வாழ்கின்றனர். இலண்டனிலும் தொரன்ரோவிலும் உள்ளோர்க்கு எழுமீன் மறைவதே இல்லை. யாழ்ப்பாணத்தில் உள்ளோர்க்கு, எமக்குத் தோன்றுவதினும் மூன்று பாகை உயர்ந்து தோன்றும், அவ்வளவே. சிட்னியில் உள்ளோர்க்குக் கிரது உதிப்பதேயில்லை. மரீசி மட்டும் அடிவானுக்கு மேல் ஏழு பாகையளவு எட்டிப் பார்த்து மறைவர். வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் அவ்வூர் மாலுமிகளோடு 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொசெஸ்ரர்த் துறையை அடைந்த வரலாற்றைப் பலர் அறிவர். கணக்கிட்டு நோக்கின், அவர்கள் புறப்பட்ட துறையில் 10 பாகை உயரத்தில் நின்ற வடமுனை, சென்று சேர்ந்த துறையில் 42 பாகைக்கும் மேல் உயர்ந்திருந்தது. ஊரிலே கடலிற் சென்று மறையும் எழுமீன் அங்கே மறையா மீனாயிற்று.

மறைதலும் மறையாமையும் இலக்கியத்திலும் தம் சுவட்டைப் பதித்துள்ளன எனலாம். கிரேக்கப் பெரும்புலவர் ஓமர், விண்மீன்களுட் கரடி ஒன்றே கடலில் நீராடாதது என்னும் கருத்தைத் தம் காப்பியங்கள் இரண்டிலும் கூறியுள்ளார். பிற்காலத்தோர் இதற்குத் தெய்வங்களின் பகைமையைக் காரணமாக்கிக் கதை புனைந்தனர். நம் நற்றிணையின் 231 ஆம் பாட்டிலோ, கரிய கடலின் மேற் படிந்து நீராடும் சிறிய வெண்ணிறக் கடற்பறவைகளுக்கு, மக்கள் தொழும் எழுமீன் உவமையாகின்றது. புலவர் கருதியது கருமையில் வெண்மை விளங்கும் நிறப்பொருத்தமே என்பதில் ஐயமில்லை. எனினும், கிரேக்கன் நீராடாதது என்று கண்ட அதே மீன்களைத் தமிழன் நீராடும் பறவைகளோடு சேர்த்து எண்ணினான் என்பது எமக்கு இனிமை பயப்பதொன்று. தமிழகக் கரையில் நின்றவன் அவை கடலில் மூழ்குவதை ஆண்டுதோறும் கண்டவனல்லனோ?

எப்போது காணலாம் என்பதை மாத முறையிற் கூறுவோம். மார்கழியில், வைகறை ஐந்து மணியளவில் எழுமீன் நேர் வடக்கில் உச்சமுற்று நிற்கும். திருவெம்பாவை பாடிக்கொண்டு கோயிலுக்குச் செல்லும் சிறுவர் சிறிது வடக்கே திரும்பினாற் போதும். ஆனால் அம்மாதத்து முகில் பெரும்பாலும் இடங்கொடுப்பதில்லை. சிவராத்திரி இரவே எம் கருத்தில் தலைசிறந்தது. அது தேய்பிறைச் சதுர்த்தசி. நிலவு இடையூறு செய்யாது. மலைநாட்டில் அக்காலம் மழை குறைந்து, பனியும் குளிரும் மிகுந்து, வானம் கழுவித் துடைத்தாற்போலத் தெளிந்திருக்கும். நடுயாமப் பூசை வேளையில் எழுவரும் வடகீழ்ப் பாலில் ஏறி நிற்பர். நான்காம் யாமத்தில் வடமேற்கே சாய்வர். கண் விழித்திருப்போர் அவர்தம் நடையைக் கொண்டே யாமங்களை அளக்கலாம். பங்குனியில் இரவு ஒன்பது மணிக்கு நாற்கரம் மேலும் காம்பு கீழுமாக வடகிழக்கில் நிமிர்ந்து தோன்றும். சித்திரை இறுதியில் அதே வேளையில் உச்சம். வைகாசி முதலாகத் தென்மேற்குப் பருவ முகில் எம்மை மூடிவிடுகின்றது. ஆயின் யாழ்ப்பாணத்தார்க்கு ஆடி வரையிலும் காணும் பேறுண்டு. ஐப்பசி, கார்த்திகை மாலைகளில் எழுமீன் வானில் இல்லை. அப்போது கிழக்கே எழுவது அறுமீன் ஆகிய கார்த்திகை. ஏழு முனிவரின் மனைவியருள் அருந்ததி ஒழிந்த அறுவரும் கணவரைப் பிரிந்து கார்த்திகைப் பெண்களாயினர் என்பது புராணம். கார்த்திகை விளக்கீட்டு மாலையில் அறுவரும் கிழக்கே ஒளிர, முனிவர் எழுவரும் வசிட்டரோடு கூடிய அருந்ததியும் நிலத்தின் கீழ் இருத்தலை நோக்கின், அக்கதையைப் புனைந்தோர் வானத்தை நன்கறிந்தவர் என்றே தோன்றுகின்றது.

திருமண முகூர்த்தத்தையும் இக்கணக்கிற்கு உட்படுத்திப் பார்த்தோம். ஆவணியில் முற்பகல் பத்து மணிக்கு அருந்ததி வடகீழ்ப் பாலில் மெய்யாகவே ஏறிக்கொண்டிருக்கும். ஞாயிற்றின் ஒளியே அதனை மறைக்கின்றது. தையில் அதே வேளையில் வடமேற்கில் இறங்கிக்கொண்டிருக்கும். வைகாசியிலோ அது அடிவானின் கீழே ஏறத்தாழ 28 பாகை ஆழத்தில் இருக்கும். அம்மாதத்து மணமகன் விரலை மேலே நீட்டாது நிலத்தை நோக்கி நீட்டுதலே வானநூலுக்கு ஒக்கும்!

அடுத்து, துருவமீன். நாற்கரத்தின் முன்விளிம்பில் நிற்கும் புலகரையும் கிரதுவையும் ஒரு கோட்டால் இணைத்து, கிரதுவுக்கு அப்பால் அவ்விடைவெளியைப் போல ஐந்து மடங்கு நீட்டினால், கோடு துருவமீனிற் சென்று சேரும். எழுமீன் உச்சத்தில் நிற்கையில் அக்கோடு நமக்குச் செங்குத்தாகக் கீழ்நோக்கி இறங்கும். கையை நீட்டி விரல்களை மடக்கிப் பிடித்த முட்டியின் அகலம் வானில் ஏறத்தாழ 10 பாகை. பட்டிப்பொலவில் துருவமீன் நிற்பது அடிவானுக்கு மேல் அம்முட்டியளவும் நிரம்பாத உயரத்தில். ஒரு கிலோமீற்றர் தொலைவிலே 125 மீற்றர் உயர்ந்த குன்றொன்று வடக்கே இருப்பின் அதுவே துருவனை மறைத்துவிடும். குன்றுக்கு இந்நாட்டிற் குறைவுண்டோ? குன்று விட்டாலும் மூடுபனி விடாது. பள்ளத்தாக்கில் உள்ள தோட்டத்து மாணவன் தன் வாழ்நாள் முழுவதும் துருவமீனைக் காணாதிருத்தல் கூடும். அவனுக்கு வடதிசையைக் காட்டுவது உச்சத்தில் நிற்கும் எழுமீனேயாகும்.

சங்கப் பாடல்களில் வடமீன் என்று கற்பிற்கு உவமையாக வருவது துருவனன்று, அருந்ததியே. வடதிசை மீன் என்னும் பெயர் முனையில் நிற்கும் மீனுக்கு அன்றோ உரியது என்று கேட்போர் உளர். பூமியின் அச்சு பம்பரத்தின் தலைபோல ஏறத்தாழ 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வட்டமிடுகின்றது. அதனால் வடமுனை விண்மீன்களினிடையே இடம் பெயர்ந்துகொண்டே செல்லும். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன், இன்றைய துருவமீன் முனைக்கு ஏறத்தாழ 12 பாகை அப்பால் இருந்தது. முனையில் ஒளிமிக்க மீன் யாதும் இருந்ததில்லை. எழுமீனோ இன்று உள்ளதினும் முனையை நெருங்கி இருந்தது. அக்காலத்துத் தமிழன் வடக்கே நோக்கியபோது முனையில் மீன் இல்லை. எழுமீனும் அருந்ததியுமே கண்ணிற் பட்டன. அப்பெயர் அருந்ததிக்கு அமைந்ததில் வியப்பில்லை என்பது எம் துணிபு.

சப்தரிஷிகள் ஒவ்வொரு நட்சத்திரத்திலும் நூறாண்டு தங்கி, 2,700 ஆண்டுகளில் 27 நட்சத்திரங்களையும் சுற்றி வருவர் என்றும், தருமர் ஆண்ட காலத்தில் அவர்கள் மக நட்சத்திரத்தில் இருந்தனர் என்றும் வராகமிகிரர் கூறினார். காசுமீரத்தார் இதனை அடிப்படையாகக் கொண்டு ஆண்டும் கணித்தனர். பெரியோர் வாக்கெனினும், அத்தகைய சுழற்சி விண்ணில் இல்லை என்பதைக் கூறாதிருத்தல் மாணாக்கருக்குச் செய்யும் நன்மையாகாது. ஆயின் முனிவர்கள் அசையாதவரும் அல்லர். 1869 ஆம் ஆண்டில் இறிச்சாட் புறொக்டர் என்னும் ஆங்கில வானநூலார் வியத்தகு செய்தியொன்றை வெளியிட்டார். புலகர், புலத்தியர், அத்திரி, ஆங்கிரசர், வசிட்டர் ஆகிய ஐவரும் ஒரே திசையில், ஒரே வேகத்தில் ஒருங்கு செல்கின்றனர். அருந்ததியும் அவர்களுடன் செல்கின்றாள். இவர்கள் ஒரே முகிலினின்று ஒருங்கே தோன்றி, 40 கோடி ஆண்டுகளுக்கு மேலாகியும் கூட்டம் கலையாது செல்லும் உடன்பிறந்தார் என்பது இக்காலத் துணிபு. ஐவரும் நம்மினின்று 80 ஒளியாண்டை ஒட்டிய தொலைவில் உள்ளனர். இரு முனைகளிலும் நிற்கும் கிரதுவும் மரீசியும் இக்கூட்டத்தினர் அல்லர்; முன்னவர் 123, பின்னவர் 104 ஒளியாண்டுத் தொலைவினர்; வேறு திசையிற் செல்வோர். ஆதலின் நூறாயிரம் ஆண்டு கழியுமுன் அகப்பை தன் வடிவை இழந்துவிடும். வசிட்டரிடத்தினின்று இன்று நம் கண்ணை அடையும் ஒளி புறப்பட்ட காலத்தில் இலங்கை சுதந்திரம் பெற்றிருக்கவில்லை; மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948 ஆம் ஆண்டுச் சட்டமும் பிறந்திருக்கவில்லை.

இப்போது அருந்ததி நியாயத்தின் இறுதிப்படி. காம்பின் நடு மீனைப் பாருங்கள். அதுவே வசிட்டர், மேலைநாட்டார் மிசார் என்பர். அதனை ஒட்டி, முழுமதியின் குறுக்களவில் மூன்றிலொன்றுக்குச் சற்று மிகுந்த இடைவெளியில், ஐந்திலொரு பங்கு ஒளியோடு ஒரு சிறு மீன் தோன்றும். அதுவே அருந்ததி, அல்கோர் என்பது அதன் அரபுப் பெயர் வழி வந்தது. அரபியர் இதனைக் கொண்டு கண்ணொளியைச் சோதித்தனர். மூப்பெய்திய பழைய மாணவர் இச்சோதனையைத் தம் பேரப்பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு செய்தல் நன்று.

தொலைநோக்கி வந்த பின்னர் இவ்விணையின் சிறப்பு பன்மடங்கு பெருகிற்று. 1617 ஆம் ஆண்டில் கலிலியோவின் மாணாக்கராகிய காசுதெல்லி, வசிட்டமீன் ஒன்றன்று, நெருங்கிய இரண்டு என்று கண்டு தம் ஆசானுக்கு அறிவித்தார். 1857 இல் முதன்முதலாக ஒளிப்படத்திற் பதிக்கப்பெற்ற இரட்டைமீனும் இதுவே. 1889 இல் ஆவாட் வானாய்வகத்துப் பிக்கறிங், அவ்விரண்டனுட் பெரியதன் ஒளியை நிறமாலையாகப் பகுத்து நோக்கி, அதுவும் தன்னுள் ஓர் இரட்டை என அறிவித்தார். எந்தத் தொலைநோக்கியாலும் அக்காலத்திற் பிரித்தறிய இயலாத அவ்விரு ஞாயிறுகளும் 20½ நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. நிறமாலையால் அறியப்பெற்ற முதல் இரட்டைகளுள் அஃது ஒன்றாயிற்று. பின்னர்ச் சிறிய பங்காளியும் இரட்டை எனத் தெளிந்தது. 2009 இல் அருந்ததிக்கும் மங்கிய துணை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. ஆக, நாம் கணவனும் மனைவியுமாகக் கருதிய இரு புள்ளிகளில் ஆறு ஞாயிறுகள் உள்ளன. அவை யாவும் ஈர்ப்பினாற் பிணைந்தவை என்பதே பெரும்பாலான அறிஞர் கருத்து. அவ்வாறாயின், அருந்ததி வசிட்டரைச் சுற்றுகின்றாள் என்பது பிழை. இருவரும் தமக்கு இடைப்பட்ட ஒரு பொது நடுவைச் சுற்றுகின்றனர் என்பதே சரி.

இவ்விருவருக்கும் இடையே, இருவிழித் தொலைநோக்கியால் நோக்குவோர்க்கு மட்டும் புலனாகும் மங்கிய மீன் ஒன்று உண்டு. 1722 ஆம் ஆண்டில் செருமானியப் பேராசிரியர் ஒருவர் அதனைப் புதிய கோள் என்று கருதித் தம் நாட்டுத் தலைவரின் பெயரைச் சூட்டி மகிழ்ந்தார். அது கோளுமன்று, அவ்விணையைச் சார்ந்ததுமன்று. அவர்களுக்கு நெடுந்தொலைவு பின்னே, தன்பாட்டிற் செல்லும் ஒரு வழிப்போக்கன்.